உள்பக்கக் கண்ணாடி

உக்காருங்கம்மா. அந்தச் சேர் வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. ஃபேன் போட்டுத்தான் இருக்கு, கரண்டு வந்தா சுத்தும். கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, எனக்கு எடது காது சுத்தமா போயிடுச்சு. எஞ்சின் சத்தத்துலயே எட்டு வருஷம் நின்னவன் காது.

உங்கப்பா அன்னிக்குத் தப்பு பண்ணாரா இல்லியான்னு கேக்கறீங்க. படி ஏறும்போதே கேட்டுட்டீங்க. பாளையங்கோட்டையிலேர்ந்து குடியாத்தம் வரைக்கும் இந்த ஒரு கேள்வியோட வந்திருக்கீங்க. சொல்றேன். சொல்ல மாட்டேன்னு சொல்லலை. சாப், உங்கப்பா, போயிட்டாருன்னு நீங்க போன்ல சொன்ன அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கலை. மருமக கேட்டா, யாரு மாமா செத்ததுன்னு. என் கேப்டன்னேன். ஞானமுத்து சாப்னேன். அவளுக்கு இன்னா தெரியும்?

நாலு பேரு. நம்ம பீரங்கிக் குண்டு நம்ம ஆளுங்க நாலு பேரு மேலயே விழுந்துச்சு. எங்க அடிக்கணும்னு மேலேர்ந்து ரேடியோவுல சொன்னவரு உங்கப்பா. இதுவரைக்கும் உங்களுக்குத் தெரியும். உங்கம்மா இன்னும் டிசம்பர் வந்தா சர்ச்சுல முட்டி போட்டு, எங்க வீட்டுக்காரரை மன்னிச்சுடுங்கன்னு அந்த நாலு பேரைக் கேக்கறாங்கன்னு சொன்னீங்க பாருங்க, அதைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அம்பது வருஷத்துக்கு மேல ஆயிடுச்சேம்மா. இன்னுமா?

சரி. ஆனா அவரு ஓட்டின விமானம் எப்படிப்பட்டதுன்னு தெரியாம அந்தக் காலையைச் சொன்னா உங்களுக்கு ஒண்ணும் புரியாது. அதை மொதல்ல சொல்லிடறேன். கோவிச்சுக்காதீங்க.

இந்தத் தெருவுல எல்லாருக்கும் நான் என்னமோ குண்டு போடற ஜெட்டுல வேலை பார்த்தவன்னு நெனப்பு. தாத்தா எத்தனை விமானத்தை வீழ்த்தினேன்னு கேக்குதுங்க. எங்க விமானத்துல ஒரு துப்பாக்கிகூடக் கெடையாது. சுடறதுக்கு வந்த விமானமே இல்லை அது. பாக்கறதுக்கு வந்தது. இரும்புக் குழாயில ஒரு கூடு, அதுமேல துணி, துணிமேல சாயம். விரலால குத்தினா ஓட்டை விழும். நாங்க தமிழ் ஆளுங்க அதுக்குத் தட்டாம்பூச்சின்னு பேர் வச்சிருந்தோம். மெதுவாப் போகும். அடிக்கற எதிர்க்காத்துல சில நேரம் அப்படியே நின்ன மாதிரி இருக்கும். அதான் வேணும். வேகமாப் போயிட்டா எதைப் பாக்கறது?

இறக்கை தலைக்கு மேல. ஏன்னு சொல்லுங்க? கீழ இருந்தா கீழ இருக்கறதை மறைச்சுக்கும். அப்பால கண்ணாடி. முன்னாடி, ரெண்டு பக்கம், தலைக்கு மேல, முதுகுக்குப் பின்னாடி, அவ்வளவும் கண்ணாடி. எதிரி விமானம் பின்னாலதான வரும், அதுக்காகப் பின்னாடியும். உக்காந்தா ஏதோ வெட்டவெளியில நாற்காலி போட்டு உக்காந்த மாதிரி இருக்கும். மாட்டு வண்டி போற பாதை இருந்தா போதும், எறங்கிடும். ஏறிடும்.

இதுக்கு ஒரு பெரிய கதை இருக்கும்மா. ட்ரெயினிங்ல ஒரு சுபேதார் சொல்லுவாரு. ஆதியில பலூன்ல ஆளைக் கட்டி ஏத்திவிட்டு, குண்டு எங்க விழுதுன்னு பாக்கச் சொன்னாங்களாம். எதிரி பலூனைச் சுட்டுடுவான், ஆளு போயிடுவான். அப்புறம் விமானம் வந்துச்சு. ஓட்டறவனுக்குப் பீரங்கி தெரியாது. பீரங்கிக்காரனுக்குப் பறக்கத் தெரியாது. அவன் ஒண்ணு சொல்ல, இவன் ஒண்ணு அடிக்க. கடைசியில வெள்ளைக்காரன் யோசிச்சான், பீரங்கி ஆபீசருக்கே ஓட்டக் கத்துக் குடுத்துட்டா இன்னான்னு. விமானம் எது தெரியுமா? பணக்காரங்க கிளப்புல ஞாயித்துக்கெழமை பொழுதுபோக்கா ஓட்டற சின்ன விமானம். அதோட முதுகைப் பிச்சு எடுத்துட்டுக் கண்ணாடியைப் போட்டுச் சண்டைக்கு அனுப்பிட்டான். அந்த வம்சம்தான் எங்களுது.

அதனால ஓட்டறதும் அவருதான், பாக்கறதும் அவருதான், ரேடியோவுல "நூறு கூட்டு, அம்பது எடதுபக்கம்"னு குண்டு விழற எடத்தைத் திருத்திச் சொல்றதும் அவருதான். ஒரு கை எப்பவும் ஓட்டற கம்பியில இருக்கணும். மேப்பை விரிச்சு வச்சுக்கப் பின்னாடி ஆளு கெடையாது. இதை மனசுல வச்சுக்கங்க.

டீ வந்துடுச்சு. சர்க்கரை போட்டிருக்கா? எனக்குப் போட மாட்டா.

நான் கண்ணாடி ஆளு. எஞ்சினுக்கு வேற ஆளு இருந்தான், ஒரு பஞ்சாபி. கூடு, துணி, கண்ணாடி என்னுது. அது நெசக் கண்ணாடி இல்லைம்மா, பிளாஸ்டிக் மாதிரி. காஞ்ச துணியால தொடச்சா மயிரிழை மயிரிழையாக் கீறல் விழும். வெயில் அதுல பட்டா முன்னாடி ஒண்ணும் தெரியாது. பெட்ரோல் பட்டா வெளுத்துடும். மொதல்ல தண்ணிய ஊத்தி வெறுங்கையால தடவணும், மண்ணு இருக்கான்னு விரலே சொல்லிடும். அப்பால ஃபிளானல் துணி. மெதுவா, ஒரே பக்கமா. எட்டு வருஷத்துல என் கண்ணாடியில ஒரு ஈ உக்காந்த தடம்கூட எவனும் காட்டினதில்லை. மத்த விமானத்து ஆபீசருங்க வந்து பாத்துட்டு, "கன்னியப்பா, எங்களுதையும் ஒரு கை பாரேன்"னுவாங்க. உங்கப்பா சிரிப்பாரு. "எங்க கன்னியப்பன் தொடச்சா கண்ணாடி இருக்கறதே தெரியாது, அப்படியே விழுந்துடுவோமோன்னு பயமா இருக்கும்"னுவாரு. அதுக்காகவே செத்துப் பொழைச்சு வேலை செய்யலாம்.

ஆனா ஒண்ணு. நான் தொடைக்கறது வெளிப்பக்கம் மட்டும். உள்பக்கத்தைச் சாப் தொட விட மாட்டாரு.

ஏன்னா, அவரு கண்ணாடியில எழுதுவாரு. செகப்பு மெழுகு பென்சில் ஒண்ணு கழுத்துல நூல் கட்டித் தொங்கும். நம்ம ஆளுங்க எங்க இருக்காங்கன்னு பேப்பர்ல குறிக்கக் கூடாதுன்னு எங்க ஃப்ளைட்டுல, அதான் எங்க விமானப் பிரிவுல, ஒரு கட்டுப்பாடு. விமானம் அந்தப் பக்கம் விழுந்துட்டா பேப்பர் எதிரி கைக்குப் போயிடும் இல்லியா? கண்ணாடியில இருந்தா கட்டை விரலால ஒரு இழு இழுத்தா போச்சு. அதனால அவரு ஒரே உயரத்துல, ஒரே தடத்துல போவாரு. அங்க இருந்த செங்கல் சூளைப் புகைபோக்கிக்கு நேரா வந்ததும் பக்கத்துக் கண்ணாடி வழியாப் பாத்து, கீழ நம்ம ஆளுங்க பதுங்கியிருக்கற மண் கரைமேலயே கோடு போட்டுக்குவாரு. மறுநாள் அதே எடத்துக்கு வந்தா கோடு கரைமேல வந்து சரியா உக்காரும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நம்ம ஆளு. அந்தப் பக்கம் அவன். எண்ண வேணாம், யோசிக்க வேணாம். வேலை முடிஞ்சு எறங்கினா அவரே தொடச்சுடுவாரு. தொடைக்காம விட்டிருந்தா, மறுநாளைக்கு வேணும்னு அர்த்தம்.

எங்களுக்குள்ள அது பேசி வச்சதுகூட இல்லை. தானா வந்த பழக்கம்.

எழுபத்தொண்ணு டிசம்பர். மேற்கு எல்லை, கோதுமை வயல் ஊரு. வயலுக்கு நடுவுல மூணு மண் கரை, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு. மூணும் ஒரே அச்சு, மூணுலயும் கோரை. மேலேர்ந்து பாத்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நம்ம ஆளுங்க மொதக் கரையில இருந்தாங்க. அந்தக் காலைக்கு முந்தின நாள் சாயங்காலம் முன்னேறி ரெண்டாவது கரைக்குப் போயிட்டாங்க. எதிரி மூணாவதுல. உங்கப்பா பொழுது சாயறதுக்கு முன்னாடி போய்ப் பாத்துட்டு வந்தாரு. கண்ணாடியில கோடு. கோட்டோட முனையில ஒரு சின்ன பெருக்கல் குறி, கரை வளையற எடம். எறங்கினவரு தொடைக்காமப் போயிட்டாரு. கூடாரத்துக்குப் போகும்போது முதுகைத் தட்டிட்டுப் போனாரு. இன்னும் ஞாபகம் இருக்கு.

மறுநாள் காலையில ஏழு மணிக்கு அவசரமாக் கூப்பிட்டாங்க. எதிரி டாங்க் கெளம்புதுன்னு. சாப் ஓடி வந்து ஏறினாரு, கெளம்பினாரு. பனி. முழுப் பனியும் இல்லை, திட்டுத் திட்டா. புகைபோக்கிக்கு நேரா வந்து பக்கத்துல பாக்கறாரு, கண்ணாடி பளபளன்னு இருக்கு. கோடு இல்லை. தொடச்சிருந்துச்சு.

திரும்பி வந்திருக்கலாம்தான். கீழே ரேடியோவுல கத்தறாங்க, அடி அடின்னு. கரையை எண்ணியிருக்காரு. மொதக் கரைக்கு இந்தப் பக்கம் ஒரு வண்டிப்பாதை மேடு உண்டு, பனியில அதுவும் ஒரு கரையாத் தெரிஞ்சிருக்கு. அதை ஒண்ணுன்னு எண்ணிட்டாரு. அப்ப நம்ம ஆளு இருக்கற ரெண்டாவது கரை மூணாவதாப் போச்சு. அதுமேல அடிக்கச் சொல்லி நெலை சொன்னாரு. ஆறு குண்டு. நாலு பேரு.

மொதக் குண்டு விழுந்து அடுத்தது விழறதுக்குள்ளயே அவருக்குத் தெரிஞ்சு போச்சு, நம்ம ஆளுங்க தொப்பியை ஆட்டினது தெரிஞ்சுச்சாம். நிறுத்து நிறுத்துன்னு கத்தியிருக்காரு. போன குண்டைத் திருப்ப முடியுமா?

தண்ணி குடிக்கறீங்களா? குடிங்க.

இதுக்கப்பால நடந்ததுலதான் எனக்கு மனத்தாங்கல். உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. எறங்கி வந்தாரு. நான் சக்கரத்துக்குக் கட்டை வைக்கப் போனேன். என்னை ஒரு பார்வை பாத்தாரு. அவ்வளவுதான். ஒரு வார்த்தை கேக்கலை. "கன்னியப்பா, கண்ணாடி எப்படிடா"ன்னு ஒரு வார்த்தை. ஒரு திட்டு. ஒரு அறைகூட விட்டிருக்கலாம், வாங்கிக்கிட்டிருப்பேன். கேக்கலை. மறுநாள் காலையிலேர்ந்து அவரே பக்கெட்டை எடுத்துக்கினு வந்து கண்ணாடியைத் தொடைக்க ஆரம்பிச்சாரு, வெளிப்பக்கமும் சேர்த்து. "நீ துணியைப் பாரு, கன்னியப்பா, இதை நான் பாத்துக்கறேன்"ன்னாரு. ஆபீசரு, கைக்குட்டையால! எட்டு வருஷம் அதையே உசுரா செஞ்சவனை எல்லாரும் பாக்க ஒதுக்கி வச்சா எப்படி இருக்கும்? பஞ்சாபி சிரிச்சான்.

சண்டை முடிஞ்சு விசாரணை வச்சாங்க. நான் பதிவுப் புத்தகத்தோட வெளிய நின்னுட்டிருந்தேன், கூப்பிட்டா சொல்லலாம்னு. கூப்பிடலை. கூடாரத்துணிதான நடுவுல, எல்லாம் கேக்குது. கோட்டை யாரு அழிச்சதுன்னு கேக்கறாங்க. உங்கப்பா சொல்றாரு, "நான்தான். எறங்கும்போது பழக்க தோஷத்துல நானே தொடச்சுட்டேன், மறந்துட்டேன்."

கேட்டீங்களா? நானேன்னுட்டாரு.

அப்ப எனக்கு இன்னா தோணுச்சுன்னா, இவருக்கு நெசமாவே ஞாபகம் தப்பிப்போச்சு போல. குழம்பிட்டாரு. சண்டையில அப்படி ஆகும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் தன் பேரையே மறந்தான். அதான்னு நெனச்சேன். இன்னிக்கும் அப்படித்தான் நெனக்கறேன். வேற எப்படி நெனக்கறது?

அவரைப் பறக்க விடலை அப்பால. எங்கியோ ஒரு மிலிட்டரி சாமான் டெப்போவுல போட்டாங்க. பதவி மேஜரோட நின்னு போச்சு. எனக்கு மறு வருஷம் ஹவில்தார் பதவி வந்துச்சு.

நீங்க இப்படிப் பாக்காதீங்க. யாரு தொடச்சதுன்னு கேக்கறீங்க. அதத்தான் சொல்ல வரேன்.

முந்தின சாயங்காலம் ஒரு சேதி வந்துச்சும்மா. காலையில ஜெனரல் வராரு, விமானத்தைப் பாக்கப் போறாருன்னு. என் பேரு ஹவில்தார் பதவி உயர்வு லிஸ்ட்டுல இருக்கு. நான் போய்ப் பாத்தேன். கண்ணாடி அப்படி ஒரு சுத்தம், வெளிப்பக்கம். உள்ள செகப்பா ஒரு கோணக் கோடு. ஜெனரல் கண்ணுக்கு அது கோடாவா தெரியும்? அழுக்காத் தெரியும். கன்னியப்பன் கண்ணாடியில அழுக்கு. சட்டத்துலயும் இருக்கு, வேணும்னா காட்டறேன், புத்தகம் இன்னும் பெட்டியில இருக்கு, கண்ணாடியில எந்த எழுத்தும் குறியும் இருக்கக் கூடாதுன்னு. சாப் தொடைக்க மறந்துட்டாருன்னு நானே சொல்லிக்கிட்டேன். மறக்கலைன்னு உள்ளுக்குள்ள தெரியும். ஜெனரல் போனதும் சாப் புதுசாப் போட்டுக்குவாருன்னும் சொல்லிக்கிட்டேன். வெளிச்சம் இருந்துச்சு, ஃபிளானல் கையில இருந்துச்சு. நான்தான் தொடச்சேன்.

ஜெனரல் வரவே இல்லை.

சொல்லியிருக்கலாம்தான். ஆனா நீங்களே யோசிங்க. ஒரு ஆபீசரு, நான்தான்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு. என்னை மாதிரி ஹவில்தாருக்கும் கீழ இருக்கற ஒரு நாயக் போய், இல்லை சார் நான்தான்னு சொன்னா இன்னா அர்த்தம்? ஆபீசரு பொய் சொல்றாருன்னு ஆகாதா? அவருக்கு அது மரியாதையா? அவரு மானத்தைக் காப்பாத்தத்தான் நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அப்படித்தான் இத்தனை வருஷமா வச்சிருக்கேன்.

ஒரு தடவை இங்க வந்தாரு, தெரியுமா? உங்ககிட்டச் சொல்லலியா? எம்பத்தெட்டுல. வேலூர்ல யாரையோ பாக்க வந்தேன்னு சொல்லி, பஸ் புடிச்சு விலாசம் விசாரிச்சுக்கினு வந்தாரு. இதே எடத்துல ரெண்டு மணி நேரம் உக்காந்தாரு. மழையைப் பத்திப் பேசினாரு. பசங்க எத்தனைன்னு கேட்டாரு. பீடித் தொழில், தோல் தொழில், எல்லாம் கேட்டாரு. அதைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. எதுக்கு வந்தாருன்னே எனக்குப் புரியலை. கேட் வரைக்கும் போயிட்டுத் திரும்பி நின்னாரு. "கன்னியப்பா, எங்கிட்ட எதுனா சொல்லணுமா"ன்னு கேட்டாரு. "ஒண்ணுமில்லை சாப், நல்லா இருக்கேன்"னேன். "சரிப்பா, உடம்பைப் பாத்துக்கோ"ன்னுட்டுப் போயிட்டாரு. பாருங்க, அப்பவும் அவரு கேக்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

ஏம்மா அழுவறீங்க? நான் எதுனா தப்பாச் சொல்லிட்டேனா?

அவருக்குத் தெரியுமா? யாரு சொன்னது? உங்ககிட்டயே சொன்னாரா? இல்லை, எழுதி வச்சிருந்தாரா... இன்னான்னு? மெதுவாப் படிங்க, வலது காது பக்கம் வாங்க. "கன்னியப்பன் வேணும்னு செய்யலை. அவனைக் கேட்டா அவன் தாங்க மாட்டான். அவனாச் சொன்னா சொல்லட்டும்."

அவனாச் சொன்னா.

எனக்கு எம்பது வயசும்மா. வேணாம், அந்தக் காகிதத்தை மடிச்சு வைங்க. எங்கிட்டக் குடுத்தா கிழிச்சுடப் போறேன்.

அப்படின்னா நீங்க தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டீங்களா, தப்பு பண்ணாரான்னு? சரி. கேக்க வேண்டியதுதான். ஒருத்தராச்சும் கேட்டீங்களே.

உங்கம்மாவுக்கு இது தெரியாதா? காகிதத்தைக் காட்டலியா? ஏன்? என் வாயால வரணும்னா? நீங்க போய்ச் சொன்னாப் போதாதா, அவங்க நம்ப மாட்டாங்களா? மகள் அப்பாவுக்குச் சப்பைக்கட்டு கட்டறான்னு நெனப்பாங்களா? அதுவும் சரிதான். அவங்களுக்கு இன்னா வயசு? எழுபத்தெட்டா. அந்த வயசுல முட்டி போடறாங்களா. எனக்கெல்லாம் மடக்கவே முடியாது.

இப்பவேவா? அம்மாவுக்குப் போனை நாளைக்குப் போட்டா ஆகாதா? இல்லை, இல்லை, போடுங்க. நாளைக்குன்னா நான் பேச மாட்டேன். எனக்குத் தெரியும் என்னைப் பத்தி.

போவுதா? சத்தமா வைங்க. குடுங்க.

அம்மா, வணக்கம்மா. இல்லம்மா, உங்க பொண்ணுக்கு ஒண்ணும் இல்லை, நல்லா இருக்காங்க, பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க. நான் குடியாத்தத்துலேர்ந்து பேசறேன். சாப்கூட இருந்தவன். ஆமாம்மா. ஆமாம், கண்ணாடி தொடைக்கற கன்னியப்பன்தான். சாப் சொல்லுவாரா? என்னைப் பத்தியா? சரிம்மா. இல்லம்மா, எனக்கு ஒண்ணும் வேணாம். ஒரு நிமிசம் கேளுங்க, நடுவுல பேசாதீங்க, பேசினா எனக்கு வராது. அன்னிக்கு அந்தக் கோட்டைச் சாப் அழிக்கலம்மா. நான்தான் அழிச்சேன்.